அம்புக்குறிக்கு மேலே எழுதுகிற உலோகம் என்னதான் செய்கிறது? (ஆல்கைன் வினைகள்)

#1 வண்ணை_மூணாவது_வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுறேன். பிஎஸ்சி கெமிஸ்ட்ரி மூணாவது வருஷம்.

போன வாரம் இன்டர்னல்ல ஒரு ரெண்டு மார்க் கேள்வி. நீர்த்த கந்தக அமிலத்துல மெர்குரிக் சல்பேட் முன்னிலையில புரோப்பைனை நீரேற்றம் செஞ்சா என்ன கிடைக்கும், மெர்குரிக் சல்பேட்டோட பங்கு என்ன? அசிட்டோன்னு சரியா எழுதிட்டேன். பங்குக்கு "வினையின் வேகத்தை அதிகரிக்கிறது"ன்னு எழுதினேன். ஒரு மார்க் போச்சு. பக்கத்துல சிவப்பு மையில "வேகம் மட்டும்தானா?"ன்னு மேடம் எழுதியிருந்தாங்க.

அந்தக் கேள்வி தூங்க விடல. நோட்டை எடுத்து வரிசையா எழுதிப் பார்த்தேன். ஆல்கைன், அதாவது கார்பன் முப்பிணைப்பு இருக்கிற மூலக்கூறு, ஒண்ணுதான். நிக்கல் போட்டா ஆல்கேன் வரைக்கும் போயிடுது. லிண்ட்லர் (அடக்கி வெச்ச பல்லேடியம்) போட்டா பாதியிலேயே நின்னு சிஸ் ஆல்கீன் தருது. திரவ அம்மோனியாவுல சோடியம் போட்டா டிரான்ஸ். பாதரச உப்புன்னா கீட்டோன். சில்வர் நைட்ரேட்னா வெள்ளை வீழ்படிவு, குப்ரஸ் குளோரைடுன்னா சிவப்பு. அசிட்டிலீனை நிக்கல் சயனைடோட அழுத்தத்துல வெச்சா சைக்ளோஆக்டாடெட்ராயீன். செஞ்சூடான இரும்புக் குழாய்ல விட்டா பென்சீன்.

எட்டு அம்புக்குறி, ஏழு உலோகம் (நிக்கல் ரெண்டு தடவை), எட்டு விளைபொருள். இதுக்கெல்லாம் அடியில ஏதாவது ஒரு காரணம் இருக்கா, இல்ல எட்டையும் தனித்தனியா நெட்டுருதான் போடணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 பெரம்பூர்_கோச்சிங்

நெட்டுருதான்மா. பத்து வருஷ வினாத்தாளை எடுத்துப் பாரு, இந்த எட்டுக்கு வெளியே கேள்வி வந்ததே இல்ல. எட்டையும் ஒரு அட்டையில எழுதிப் படிக்கிற மேஜைக்கு மேல ஒட்டு. காரணமெல்லாம் எம்எஸ்சி போனப்புறம் பார்த்துக்கலாம்.

#3 கொடுங்கையூர்_ட்யூஷன்

பெரம்பூர்க்காரர் தேர்வைப் பற்றிச் சொல்வது சரி. அந்தப் பெண் கேட்டது தேர்வைப் பற்றி அல்ல. முப்பத்தோரு வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்ட பிள்ளைகள் ரொம்பக் குறைவு. அதனால் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ஆல்கைனைப் பார்ப்போம். அதில் பிடிப்பதற்கு இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, முப்பிணைப்பைச் சுற்றி உருளை மாதிரிப் பரவியிருக்கும் பை எலக்ட்ரான்கள். மற்றொன்று, முப்பிணைப்பு நுனியில் இருந்தால் அந்த நுனிக் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன். அந்தக் கார்பன் எஸ்பி இனக்கலப்பு, பாதிக்குப் பாதி எஸ் தன்மை. எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் அங்கே உள்ள ஹைட்ரஜனுக்குக் கொஞ்சம் அமிலக் குணம் உண்டு. பிகேஏ என்ற அளவு குறையக் குறைய அமிலக் குணம் அதிகம். எத்தேனுக்கு பிகேஏ சுமார் 50, எத்திலீனுக்கு 44, அசிட்டிலீனுக்கு 25.

இனி உன் பட்டியலைப் பார், ஒவ்வொரு உலோகமும் எங்கே பிடிக்கிறது என்று மட்டும் கேள். பாதரசமும், உன் பட்டியலில் இல்லாத தங்கமும் பை எலக்ட்ரானைப் பிடிக்கின்றன. வெள்ளியும் செம்பும் முதலில் பை எலக்ட்ரானைத் தொட்டு, பிறகு நுனி ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தாமே உட்கார்ந்துகொள்கின்றன. பல்லேடியமும் நிக்கல் தூளும் முழு மூலக்கூறையும் தம் மேற்பரப்பில் படுக்க வைக்கின்றன. நிக்கல் சயனைடில் இருக்கும் ஒற்றை நிக்கல் அயனி, பல ஆல்கைன்களைத் தன்னைச் சுற்றி வரிசையாக நிறுத்துகிறது. பிடிக்கிற இடம் மாறினால் விளைபொருள் மாறுகிறது.

ஆகவே மேடம் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு மூலக்கூறுக்கு முன்னால் நாலைந்து வழி திறந்திருக்கும்போது, எந்த வழியை வேகமாக்குவது என்பதையும் உலோகம்தான் முடிவு செய்கிறது.

#4 வண்ணை_மூணாவது_வருஷம்

சார், ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம். ஆல்கீனுக்கு வெறும் அமிலமும் தண்ணியும் போதும். ஆல்கைன்ல எலக்ட்ரான் இன்னும் அதிகம்தானே இருக்கு? அப்போ இன்னும் சுலபமா நடக்கணும். எதுக்குப் பாதரசம்?

#5 கொடுங்கையூர்_ட்யூஷன்

அமிலம் மட்டும் இருந்தால் புரோட்டான் போய் பை பிணைப்பில் ஒட்ட வேண்டும். ஆல்கீனில் ஒட்டினால் சாதாரணக் கார்பன் நேரயனி வரும். ஆல்கைனில் ஒட்டினால் இரட்டைப் பிணைப்பின் மேலேயே நேர்மின்சுமை உட்கார்ந்த வினைல் நேரயனி வரும். அது நிலையற்றது. அதை உருவாக்க ஆகும் ஆற்றல் செலவு அதிகம். எலக்ட்ரான் நிறைய இருந்தும் வினை மந்தமாக இருப்பது இதனால்தான்.

பாதரச அயனி பெரியது, அதன் எலக்ட்ரான் மேகம் எளிதில் நெளிந்துகொடுக்கும். பியர்சன் 1963-ல் வகுத்த கணக்கில் அது மென்மையான அமிலம். ஆல்கைனின் பை மேகமும் மென்மையானது. இரண்டும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்த மேகம் பாதரசத்தின் பக்கம் சாய்கிறது, கார்பன்கள் இரண்டும் எலக்ட்ரானுக்கு ஏங்க ஆரம்பிக்கின்றன. அப்போது தண்ணீர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து தாக்குகிறது. புரோப்பைனில் அது நடுக்கார்பனைத்தான் தேடிப் போகும், நேர்மின்சுமையை அதிகம் தாங்கிக்கொண்டிருப்பது அதுதான். ஹைட்ரஜன் அதிகம் உள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போகும் என்கிற மார்க்கோனிகாஃப் விதி இங்கே தனியாக மேலிருந்து இறங்கவில்லை, இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

அடுத்து, பாதரசம் உட்கார்ந்த இடத்தில் அமிலத்திலிருந்து ஒரு புரோட்டான் வந்து அதை வெளியேற்றும். கையில் இருப்பது ஈனால் (இரட்டைப் பிணைப்புக் கார்பனில் ஓஹெச் ஒட்டியது), உடனே புரண்டு அசிட்டோன் ஆகிவிடும். பாதரசம் அடுத்த மூலக்கூறைத் தேடிப் போகும். 1881-ல் ரஷ்யாவில் குச்செரோவ் கண்டுபிடித்த வினை இது. அசிட்டிலீனாக இருந்தால் மட்டும் அசிட்டால்டிஹைடு, மற்ற எல்லா ஆல்கைனுக்கும் கீட்டோன்.

இந்தத் திசையை மாற்றவும் முடியும். 1998-ல் டோக்குனாகாவும் வாக்காட்சுக்கியும் ருத்தேனியம் சேர்மத்தை வைத்து, நுனி ஆல்கைனில் தண்ணீரை எதிர்த் திசையில் சேர்த்துக் காட்டினார்கள். கீட்டோன் வர வேண்டிய இடத்தில் ஆல்டிஹைடு. அதே ஆல்கைன், அதே தண்ணீர். மாற்றியது உலோகத்தை. மேடத்திடம் இதைச் சொல், அந்த ஒரு மார்க் திரும்பி வரும்.

#6 லேப்_ராயபுரம்

சார் ரெண்டு இடம்னு சொன்னதுல அந்த நுனி ஹைட்ரஜன் விஷயத்தை நான் கையால பார்த்தவன். காலேஜ் லேப்ல உதவியாளரா 27 வருஷம். எந்தக் காலேஜ்னு வேண்டாம்.

பிள்ளைங்க அடிக்கடி என்கிட்ட வந்து "அண்ணா, குப்ரஸ் குளோரைடு டெஸ்ட் வரவே மாட்டேங்குது"ன்னு நிப்பாங்க. பாட்டிலை வாங்கிப் பார்ப்பேன். கரைசல் கரு நீலமா இருக்கும். அம்மோனியா கலந்த குப்ரஸ் கரைசல் நிறமில்லாம இருக்கணும். நீலமா இருந்தா காத்துபட்டுக் குப்ரிக் ஆயிடுச்சுன்னு அர்த்தம். அதுல ஆல்கைன் ஒழுங்கா புடிக்காது. ஒரு சிட்டிகை ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு போட்டுக் குலுக்கினா, கண்ணு முன்னாலேயே நீலம் வெளுத்துத் தண்ணி மாதிரி ஆகும். இப்ப வாயுவை விடுங்க. மொதல்ல குழாய் நுனியில ஒரு செந்நிற வளையம், அப்புறம் செங்கல் பொடியைக் கரைச்ச மாதிரி முழுக்கக் கலங்கிடும். அதே செம்புதான், ஒரு எலக்ட்ரான் வித்தியாசம். ஒண்ணு புடிக்குது, ஒண்ணு சும்மா நிக்குது. பாட்டில்ல செம்புச் சுருள் கொஞ்சம் போட்டு வெச்சா கரைசல் ரொம்ப நாள் கெடாம இருக்கும். இதை எனக்கு முன்னாடி இருந்த பெரியவர் சொல்லிக் கொடுத்தார்.

2-பியூட்டைன் மாதிரி, முப்பிணைப்பு நடுவுல இருக்கிற ஆல்கைனுக்கு இந்த டெஸ்ட் வராது. கழட்டறதுக்கு நுனியில ஹைட்ரஜன் கெடையாதே.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். ஒரு வருஷம் பிராக்டிகல் முடிஞ்சு ஒரு பையன் வெள்ளி டெஸ்ட் பண்ண டியூபை அப்படியே ஸ்டாண்டுல வெச்சுட்டுப் போயிட்டான். அடுத்து நாலு நாள் லீவு. லீவு முடிஞ்சு வந்து நான் பிரஷ்ஷை உள்ளே விட்டேன். பட்டுனு ஒரு சத்தம், டியூபோட அடிப்பாகமே இல்ல. கையில துணி சுத்தியிருந்ததால தப்பிச்சேன். காய்ஞ்ச சில்வர் அசிட்டிலைடுக்கு உரசலே போதும். டெஸ்ட் முடிஞ்ச அந்த நிமிஷமே, ஈரமா இருக்கும்போதே, நீர்த்த அமிலம் ஊத்திச் சிதைச்சுட்டுத்தான் கழுவணும். அன்னையிலிருந்து எத்தனை மணியானாலும் ஸ்டாண்டு காலியான பிறகுதான் நான் லேப் பூட்டுவேன்.

#7 காசிமேடு_டார்ச்

வணக்கம் சார். நான் படிச்சவன் கெடையாது. காசிமேட்டாண்ட விசைப்படகு ரிப்பேர், கேஸ் வெல்டிங், கட்டிங். இருபத்திரண்டு வருசமா இதான் பொழப்பு. என் பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா, அவ போன்ல இதைக் காட்னா. உக்காந்து மொத்தமும் படிச்சேன்.

செம்பு புடிக்கும், காய்ஞ்சா வெடிக்கும்னு அந்த அண்ணன் எழுதனதைப் பாத்து ஒரு விசயம் ஞாபகம் வந்துச்சு. நான் ஹெல்ப்பரா இருந்த காலம். அசிட்டிலீன் ஹோஸ் நடுவுல வெடிப்பு வுட்டுச்சு. அவசர வேலை, போட்டு மறுநா காலைல கடலுக்குப் போவணும். நானு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடைல ஒரு சாண் செம்பு டியூப் வாங்கியாந்து, ஹோஸை அறுத்து ரெண்டு பக்கமும் சொருகி கிளாம்ப் போட்டுட்டேன். மேஸ்திரி வந்து பாத்தாரு. ஒரு வார்த்தை பேசல. சிலிண்டர் வால்வை மூடுனாரு, ஹோஸை அறுத்தாரு, அந்த டியூபைத் தூக்கிக் கடல்ல கடாசிட்டாரு. அப்பால தான் திட்னாரு. "டிஏ லைன்ல செம்பு போடாதேன்னு உனுக்கு எத்தினி வாட்டி சொல்றது"ன்னாரு. ஏன் போடக்கூடாதுன்னு கேட்டேன். "போடக்கூடாதுன்னா போடக்கூடாது"ன்னாரு. அவருக்கும் காரணம் தெரியாது, அவரோட மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது.

இத்தினி வருசம் கழிச்சி இப்பத்தான் எனக்குக் காரணம் தெரிஞ்சிது. ஆனா ஒரு டவுட்டு. ரெகுலேட்டர் பித்தளை. அதுல செம்பு இருக்குதே? நாசிலே சுத்தச் செம்பு. அதெல்லாம் எப்படி ஓடுது?

#8 கொடுங்கையூர்_ட்யூஷன்

காசிமேட்டுத் தம்பி, உங்கள் மேஸ்திரியின் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை பேர் உயிர் இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் சந்தேகம் மிகச் சரியான இடத்தில் இருக்கிறது. செம்பு 65 சதவீதத்துக்கு மேல் இருக்கும் கலவையை அசிட்டிலீன் போகும் குழாய்க்கும் இணைப்புக்கும் பயன்படுத்துவதில்லை என்பது பல இடங்களில் உள்ள வரம்பு, சிலர் 70 என்று வைத்திருக்கிறார்கள். ரெகுலேட்டர் பித்தளையில் செம்போடு துத்தநாகம் கலந்திருக்கிறது, செம்பு அந்த வரம்புக்குள் நிற்கும். நாசில் செம்புதான், ஆனால் அங்கே வாயு தங்குவதே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று கடந்து எரிந்துவிடுகிறது. நீங்கள் சொருகிய ஒரு சாண் டியூபில் வாயு மணிக்கணக்கில், ராத்திரி முழுக்கத் தேங்கி நிற்கும். ஈரமும் சேர்ந்தால் உள்சுவரில் மெல்ல ஒரு படலம் வளரும். வாயு நின்றுபோய் உள்ளே காய்ந்த பிறகு, யாராவது ஒரு நாள் அந்த டியூபை முறுக்குவார்கள், இல்லை சுத்தியலால் தட்டுவார்கள்.

அசிட்டிலீன் சிலிண்டரை ஏன் நிமிர்த்தியே வைக்கச் சொல்கிறார்கள் என்பதும் இதே மூலக்கூறின் குணம்தான். வெறுமனே அழுத்தி அடைத்தால், ஆக்சிஜன் இல்லாமலேயே அது தானாகச் சிதைந்து வெடிக்கும். அதனால் அந்த மெரூன் சிலிண்டருக்குள் பஞ்சு போன்ற நுண்துளைப் பொருளை நிரப்பி, அதில் அசிட்டோனை ஊறவிட்டு, அசிட்டோனில்தான் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். நீங்கள் டிஏ என்கிறீர்களே, கரைந்த அசிட்டிலீன் என்பதன் சுருக்கம் அது. சாய்த்து வைத்தால் வாயுவோடு அசிட்டோனும் கிளம்பி வந்துவிடும்.

இன்னொன்று, இது முக்கியம். உங்கள் கடையிலோ பக்கத்துக் கடையிலோ இப்படிச் செம்புத் துண்டு சொருகிய பழைய ஹோஸ் இருந்தால் அதை முறுக்கிக் கழற்றாதீர்கள், சுரண்டாதீர்கள். வால்வை மூடி, டியூபைத் தொடாமல் இரண்டு பக்கமும் தள்ளி ரப்பரை மட்டும் அறுத்து, அப்படியே தண்ணீரில் மூழ்க வைத்துவிட்டு, சிலிண்டர் கொடுப்பவர்களிடம் தகவல் சொல்லுங்கள்.

#9 பெரம்பூர்_கோச்சிங்

சார், ஒரு சந்தேகம். டிரான்ஸ் ஆல்கீனுக்குச் சோடியம் வினைவேக மாற்றின்னு பசங்களுக்குச் சொல்லித் தரோம். அதுவும் மேற்பரப்புல பிடிக்கிற கதைதானா?

#10 கொடுங்கையூர்_ட்யூஷன்

இல்லை. அங்கே சோடியம் வினைவேக மாற்றியே அல்ல, வினைபடு பொருள். அது எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுத் தீர்ந்துபோகிறது. ஒரு ஆல்கைனுக்கு இரண்டு சோடியம் செலவு. எலக்ட்ரான் ஒன்று, புரோட்டான் ஒன்று, மறுபடி எலக்ட்ரான், மறுபடி புரோட்டான் என்று படிப்படியாக ஏறுகிறது. இடையில் வரும் வினைல் எதிரயனி, இரண்டு பெரிய தொகுதிகளையும் எதிரெதிர்ப் பக்கம் தள்ளி வைத்துக்கொள்வதால் டிரான்ஸ். மேற்பரப்பே கிடையாது. பிள்ளைகளுக்கு இதைத் திருத்திச் சொல்லிவிடுங்கள்.

#11 மணலி_ஷிப்ட்_பி

மேற்பரப்புன்னு பேச்சு வந்ததால நானும் சேர்ந்துக்கறேன். இப்போ மணலியில வேலை. அதுக்கு முன்னாடி வடக்கே ஒரு எத்திலீன் ஆலையில ஆறு வருஷம். அங்க அசிட்டிலீன் கன்வர்ட்டர்தான் எனக்குக் கொடுத்த யூனிட்.

நாஃப்தாவை உடைச்சு எத்திலீன் எடுக்கும்போது கூடவே கொஞ்சம் அசிட்டிலீனும் வரும். பாலிஎத்திலீன் போடுற இடத்துல அது போனா அங்க உள்ள வினைவேக மாற்றியையே கெடுத்துடும். அதனால மில்லியன்ல ஒரு பங்கு அளவுக்குக் கீழே கொண்டுவரணும். ஹைட்ரஜனை விட்டு அசிட்டிலீனை எத்திலீனா மாத்தணும், ஆனா பக்கத்துல மலை மாதிரிக் குவிஞ்சிருக்கிற எத்திலீனைத் தொடக்கூடாது. வைக்கோல் போர்ல ஊசியைத் தேடறது மட்டும் போதாது, போர் தீப்பிடிக்காமலும் பார்க்கணும்.

அலுமினா உருண்டை மேல பல்லேடியமும் வெள்ளியும் பூசியிருக்கும். இது எப்படி நடக்குதுன்னு ட்ரெயினிங்ல ஒரு மூத்த இன்ஜினியர் சொன்னது இன்னும் மனசுல இருக்கு. பல்லேடியத்துக்கு அசிட்டிலீன் மேலதான் பிடிப்பு அதிகம். அசிட்டிலீன் கொஞ்சமாவது இருக்கிற வரைக்கும் அதுதான் இடம் பிடிக்கும், எத்திலீனை உட்கார விடாது. அசிட்டிலீன் தீர்ந்த அடுத்த நொடி எத்திலீன் உட்காரும், ஹைட்ரஜனை எடுத்து ஈத்தேன் ஆகும், சூடு ஏறும், சூடு ஏறினா இன்னும் வேகம். டெம்பரேச்சர் கோடு நேரா மேல போகும். அப்போ ஹைட்ரஜனை மூட ஓடணும். இதுக்காகவே உள்ளே வர்ற வாயுவுல கார்பன் மோனாக்சைடு ரொம்பச் சின்ன அளவுல இருக்கிற மாதிரிப் பார்த்துப்போம். அது பல்லேடியத்துல பாதி இடத்தைப் பிடிச்சுக்கிட்டு அதைக் கொஞ்சம் அடக்கி வைக்கும்.

இன்னொரு பக்கம், ரெண்டு மூணு அசிட்டிலீன் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பிசுபிசுன்னு ஒரு எண்ணெய் உருவாகும். க்ரீன் ஆயில்னு சொல்வோம். அது உருண்டை மேல படிஞ்சு அடைச்சா, கன்வர்ட்டரைக் கழட்டிப் புத்துயிர் கொடுக்கணும்.

லிண்ட்லர்னு புத்தகத்துல இருக்கிறதும் இதேதானே சார்?

#12 கொடுங்கையூர்_ட்யூஷன்

அதேதான். இவ்வளவு அழகாக நான் வகுப்பில் சொன்னதில்லை. 1952-ல் ஹெர்பர்ட் லிண்ட்லர் வெளியிட்டது கால்சியம் கார்பனேட் மேல் பல்லேடியம், அதைக் காரீய உப்பால் பாதி நஞ்சாக்கியது, கூடவே குயினோலின். வைட்டமின் ஏ தயாரிப்பில் ஒரு முப்பிணைப்பை இரட்டைப் பிணைப்பிலேயே நிறுத்த வேண்டியிருந்தது, அதற்காகப் பிறந்தது அது. காரீயம் செய்வதும் உங்கள் கார்பன் மோனாக்சைடு செய்வதும் ஒரே காரியம். இரண்டு ஹைட்ரஜனும் ஒரே மேற்பரப்பிலிருந்து, ஒரே பக்கமாக ஏறுவதால் சிஸ்.

நஞ்சு என்ற சொல்லைப் பார்த்துப் பிள்ளைகள் அது கெட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே அந்த நஞ்சுதான் வேலையைச் செய்கிறது.

வண்ணைப் பெண்ணின் பட்டியலில் மீதி இருக்கும் நிக்கல் சயனைடையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 1940-ல் ஜெர்மனியில் ரெப்பே செய்தது. ஒரு நிக்கலைச் சுற்றி நான்கு அசிட்டிலீன் உட்கார இடம் உண்டு, நான்கும் கைகோத்தால் எட்டுக் கார்பன் வளையம். அதே கலவையில் டிரைஃபினைல் பாஸ்பீனைக் கொஞ்சம் சேர்த்தால் அது ஒரு இடத்தை அடைத்துக்கொள்ளும். மிச்சம் மூன்று இடம், மூன்று அசிட்டிலீன். கிடைப்பது பென்சீன். இதை முதன்முதலில் படித்த அன்று மனசு நிறைந்துபோயிருந்தது எனக்கு.

#13 வியாசர்பாடி_ஆராய்ச்சி

செம்பு வெடிக்கும் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் நான்கு வருடமாகச் செம்பும் ஆல்கைனும் வைத்துத்தான் ஆராய்ச்சி செய்கிறேன், அதனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

லேப் அண்ணன் சொன்ன அதே செம்பு அசிட்டிலைடில் காற்றுபட்டால் என்ன ஆகும் என்று 1869-ல் கார்ல் கிளாசர் பார்த்தார். இரண்டு ஆல்கைன்கள் நுனியோடு நுனி ஒட்டிக்கொண்டன. 1975-ல் சோனோகாஷிரா அதோடு பல்லேடியத்தையும் சேர்த்தார். செம்பு ஆல்கைனைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கும், பல்லேடியம் அதை பென்சீன் வளையத்தோடு இணைக்கும். இன்று மருந்து மூலக்கூறு செய்யும் ஆய்வகங்களில் தினமும் நடக்கிற வினை. இதில் என் முதல் வருடம் முழுக்க அழுகைதான். விளைபொருளுக்குப் பதிலாகப் பாதிக்கு மேல் இரட்டை ஆல்கைன் வந்துகொண்டிருந்தது. ஆறு முறை செய்தேன். கடைசியில் பார்த்தால், குடுவையிலிருந்து காற்றை நான் சரியாக வெளியேற்றவில்லை. சோனோகாஷிராவைத் தொடங்கிவிட்டுக் கிளாசர் வினையைச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். குடுவைக்குள் நைட்ரஜனை அரைமணி நேரம் குமிழிவிட்டுச் செய்த ஏழாவது முறை சுத்தமாக வந்தது.

அடுத்தது கிளிக் வினை. ஆல்கைனையும் அசைடையும் (மூன்று நைட்ரஜன் வரிசையாக உள்ள சேர்மம்) வெறுமனே சூடாக்கினால் டிரையசோல் என்ற ஐந்தணு வளையம் கிடைக்கும், ஆனால் தொகுதிகள் ஒட்டும் இடம் வேறுபட்ட 1,4 வகையும் 1,5 வகையும் கலந்து வரும், நேரமும் அதிகம். 2002-ல் மெல்டால் ஒரு பக்கம், ஷார்ப்லெஸ் குழு மறுபக்கம், இருவரும் தனித்தனியாகச் செம்பைச் சேர்த்துப் பார்த்தார்கள். வேகம் சுமார் ஒரு கோடி மடங்கு கூடியது, வந்தது 1,4 மட்டும். செம்பு பை மேகத்தில் உட்கார்ந்ததும் நுனி ஹைட்ரஜனின் பிகேஏ பத்து அலகு வரை இறங்குகிறது என்று கணக்கீடுகள் காட்டுகின்றன. அதனால்தான் தண்ணீரிலேயே, அறை வெப்பநிலையிலேயே ஹைட்ரஜன் கழன்றுவிடுகிறது. செம்புக்குப் பதில் ருத்தேனியம் போட்டால் 1,5 வகை. 2022 நோபல் பரிசு இதற்குத்தான், கூடவே பெர்டோஸிக்கும். உயிருள்ள செல்லுக்குள் செம்பு நஞ்சாகிவிடும் என்பதால், உலோகமே இல்லாமல் வளைத்து இறுக்கிய வளைய ஆல்கைனை வைத்து அவர் செய்தார்.

இதற்கு ஆய்வகத்தில் நான் எடுப்பது வெறும் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். கூடவே வைட்டமின் சி-யின் சோடியம் உப்பு. அது நீலக் குப்ரிக்கை நிறமற்ற குப்ரஸாக்குகிறது. லேப் அண்ணன் ஹைட்ராக்சிலமீன் போட்டுச் செய்ததும் இதையேதான்.

#14 லேப்_ராயபுரம்

தம்பி, இதைப் படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. 27 வருஷமா பாட்டில் வெளுக்குறதைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கேன்.

#15 வண்ணை_மூணாவது_வருஷம்

எல்லார் பதிலையும் நோட்டுல எழுதிட்டேன். கடைசியா ஒண்ணு. எங்க காலேஜ்ல பாதரச உப்பை வெச்சு எதுவும் செய்ய விடறதில்ல. அவ்வளவு நல்லா வேலை செய்யற உலோகத்தை ஏன் ஒதுக்கறாங்க? வேற உலோகம் இருக்கா?

#16 கொடுங்கையூர்_ட்யூஷன்

இதற்குப் பதில் ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவ ஊரில் இருக்கிறது. அங்கே ஒரு ஆலை 1932 முதல் 1968 வரை, குச்செரோவ் வினையிலேயே அசிட்டிலீனிலிருந்து அசிட்டால்டிஹைடு செய்தது. வகுப்பில் பாதரசம் பத்திரமாகத் திரும்பி வருகிறது என்று வரைகிறோம். நிஜத்தில் அதில் ஒரு சிறு பங்கு பக்க வினையில் மெத்தில் மெர்குரி ஆனது. 1951-ல் அவர்கள் கூடப் போட்டுவந்த மாங்கனீசு டையாக்சைடை மாற்றி இரும்பு சல்பைடுக்குப் போனார்கள், அந்தப் பக்க வினை அதன்பின் அதிகமானது. கழிவு நீர் வளைகுடாவில் கலந்தது. மீனில் சேர்ந்தது. முதலில் மீன் தின்ற பூனைகள் ஆடி விழுந்து செத்தன, பிறகு மனிதர்கள், பிறகு தாயின் வயிற்றிலிருந்தே பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகள். 1956 மே 1-ம் தேதி அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அரசு காரணத்தை ஒப்புக்கொள்ள 1968 ஆனது. இடையில் பன்னிரண்டு வருடம் அதே மீனைத் தின்றார்கள்.

நம் வீடுகளிலும் தினம் காசிமேட்டு மீன்தான். இந்தப் பாடம் நடத்தும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும். அம்புக்குறிக்கு மேலே பாதரசம் என்று எழுதும் பிள்ளைக்கு அது எங்கே போய்ச் சேருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மாற்று வந்தது. 1950-களின் இறுதியில் பல்லேடியம் குளோரைடும் காப்பர் குளோரைடும் வைத்து எத்திலீனிலிருந்தே அசிட்டால்டிஹைடு செய்யும் வாக்கர் முறை வந்தது, அசிட்டிலீனே தேவைப்படவில்லை. 2013-ல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, அசிட்டால்டிஹைடு தயாரிப்பில் பாதரசத்தை நிறுத்த 2018 என்று கெடு வைத்தது.

#17 வியாசர்பாடி_ஆராய்ச்சி

சார் விட்ட இடத்திலிருந்து தங்கத்தைச் சேர்க்கிறேன். அசிட்டிலீனோடு ஹைட்ரஜன் குளோரைடைச் சேர்த்து, பிவிசி குழாய்க்கான வினைல் குளோரைடு செய்ய, கரி மேல் பாதரச குளோரைடு ஏற்றிப் பயன்படுத்துகிறார்கள். நிலக்கரியிலிருந்து கார்பைடும் அதிலிருந்து அசிட்டிலீனும் எடுக்கும் சீனாவில் இது பெரிய தொழில். இதற்குத் தங்கம்தான் மிகச் சிறந்ததாக இருக்கும் என்று 1985-ல் கிரஹாம் ஹட்சிங்ஸ் கணித்தார், சோதனையிலும் அது சரியாக வந்தது. தங்கமென்றால் வினைபுரியாத உலோகம் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம். தங்க அயனி பாதரச அயனியைப் போலவே மென்மையானது, தனிம வரிசை அட்டவணையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. 1998-ல் டெலெஸ் குழு நேர்மின்சுமை கொண்ட தங்கச் சேர்மங்களை வைத்து ஆல்கைனில் மெத்தனாலைச் சேர்த்தது. அதன்பின் நீரேற்றமும் தங்கத்தாலேயே நடக்கிறது. விலை அதிகம்தான், ஆனால் போடுவது மிகக் கொஞ்சம், திரும்ப எடுக்கவும் முடியும்.

#18 வண்ணை_மூணாவது_வருஷம்

மேடம்கிட்ட நோட்டைக் காட்டினேன். மார்க் கொடுத்துட்டாங்க, அது ஒரு பக்கம். இன்னைக்கு பிராக்டிகல்ல குப்ரஸ் டெஸ்ட் வந்துச்சு. பாட்டில் லேசா நீலமா இருந்துச்சு. ஹைட்ராக்சிலமீன் கேட்டு வாங்கிப் போட்டேன். வெளுத்துச்சு. வாயுவை விட்டதும் குழாய் நுனியில அந்த செந்நிற வளையம் வந்ததைப் பக்கத்துல இருந்த நாலு பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். முடிஞ்சதும் ஈரமா இருக்கும்போதே அமிலம் ஊத்திட்டேன். ராயபுரம் அண்ணா, ஸ்டாண்டு காலி.

#19 காசிமேடு_டார்ச்

சார், காலைல ஷட்டர் தொறந்ததும் நம்ம கடை ஹோஸ் எல்லாத்தையும் தடவிப் பாத்தேன். நம்மளுது சுத்தம். வரிசைல இன்னும் அஞ்சு கடை இருக்குது, எல்லாத்துலயும் போய்க் கேட்டேன். நாலாவது கடைல மரூன் சிலிண்டர் லைன்ல நாலு விரக்கடை செம்பு டியூப். மூணு வருசமா அப்படியே ஓடுதாம். கடைக்கார அண்ணன் உடனே கிளாம்பை முறுக்கக் கையை வெச்சாரு. நான் புடிச்சி நிறுத்துனேன். என் பொண்ணு நீங்க எழுதனதை அவருக்குப் படிச்சிக் காட்னா.

வால்வை மூடிட்டு, ரெண்டு பக்கமும் ஒரு முழம் தள்ளி ரப்பரை அறுத்தோம். டியூபைத் தொடல. இப்ப அது கடைக்கு வெளியே நெழல்ல தண்ணி ரொப்பன டிரம்முல கீது. சிலிண்டர் குடுக்கறவங்க ஆளு சாயங்காலம் நாலு மணிக்கு வரேன்னு சொல்லியிருக்காரு. அது வரைக்கும் ஒருத்தரும் கிட்ட போவாம நானும் அந்த அண்ணனும் மாத்தி மாத்தி உக்காந்துகினு இருக்கோம்.